சோலைக்கிளியும் காட்டு வயலட்டும்

உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கை கொண்டு வகுத்தறிதல் நம் சிறுவர்க்குக் கற்பிக்கப்பெறும் முதற் பாடங்களுள் ஒன்று. மெய் ஒன்றே உடையது ஓரறிவுயிர். நாவும் சேர்ந்தால் ஈரறிவு. மூக்கும் சேர்ந்தால் மூவறிவு. கண்ணும் சேர்ந்தால் நாலறிவு. செவியும் சேர்ந்தால் ஐயறிவு. மரமும் செடியும் கொடியும் முதல் வகையில் அடங்கும். பறவையும் விலங்கும் மனிதரும் இறுதி வகையில் அடங்குவர். இவ்வளவையும் நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்லக்கூடும். ஆயினும், கண்ணெதிரே வாழும் ஒரு செடியிலும் ஒரு பறவையிலும் வைத்துப் பார்க்கும்போதே இவ்வகுப்பின் பொருள் நன்கு விளங்கும்.

ஆகவே இவ்விதழின் பாடத்திற்கு ஓரறிவுயிர் ஒன்றையும் ஐயறிவுயிர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றை அருகருகே வைத்து ஆராய முற்படுகின்றோம். ஒன்று காட்டு வயலட் என்னும் சிறு பூச்செடி. மற்றொன்று நீலகிரிச் சோலைக்கிளி என்னும் சிறு பறவை. இரண்டும் நீலகிரி மலையின் குளிர்ந்த சோலைகளில் ஒரே மண்ணைச் சார்ந்து வாழ்வன. பொறி மிகுந்த உயிர் வலியது என்றும், பொறி குறைந்த உயிர் எளியது என்றும் நாம் பொதுவாகக் கொள்ளும் கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இவ்விரண்டும் நமக்குக் காட்டும்.

இரண்டும் வாழும் இடம்

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் மலைமுகடுகள் புல்வெளிகளால் போர்த்தப்பட்டிருக்கும். முகடுகளுக்கு இடையே உள்ள மடிப்புகளிலும் நீரோடைகளின் இரு கரைகளிலும் மட்டும் அடர்ந்த, குட்டையான, பாசி படர்ந்த மரக்காடுகள் காணப்படும். இவையே சோலைகள். நம் தமிழ்ச் சொல்லாகிய சோலை என்பதையே ஆங்கிலேயத் தாவரவியலாரும் எடுத்தாண்டனர். இன்று உலகெங்கும் இவ்வகைக் காட்டிற்கு அதுவே பெயர்.

சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று சார்ந்தவை. பெய்யும் மழையைப் புல்லின் வேர்களும் சோலையின் சருகுமெத்தையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பின்னரும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. பவானியும் மோயாறும் இவ்வாறு ஊறும் நீரால் ஓடுவன. மோயாறு பவானியில் கலக்க, பவானி காவிரியில் கலக்கின்றது. சமவெளியில் வாழும் நாம் சோலையை ஒருமுறையேனும் கண்டிராவிடினும், அதன் நீரை நம்மவருள் பலர் அருந்தியிருப்பர்.

இச்சோலையின் ஓரங்களிலும் ஈரமான சரிவுகளிலும் வயலட் வளர்கின்றது. சோலையின் உட்புறத்து இருளில், சருகுகள் நிறைந்த தரையில் சோலைக்கிளி நடமாடுகின்றது. செடியின் உயரம் ஒரு சாண் கூட இராது. பறவையோ ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமே உடையது. இரண்டும் குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கே புலப்படுவன.

காட்டு வயலட்

வயலட் என்றதும் நம்மவர் பலருக்கும் நிறத்தின் பெயரே நினைவுக்கு வரும். செடியின் பெயரே நிறத்திற்கு வந்தது. இதன் குடும்பம் நமக்கு முற்றிலும் புதியதன்று. சித்த மருத்துவத்தில் வழங்கும் ஓரிதழ்த்தாமரை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சமவெளியின் வரப்போரங்களில் ஒற்றை இதழ் பெரிதாக விரிந்து நிற்கும் அச்சிறு செடியைக் கண்டவர்கள், மலைமேல் உள்ள அதன் உறவினத்தையும் எளிதில் அடையாளம் காணலாம். யுனானி மருந்துக் கடைகளில் இருமலுக்கு விற்கப்படும் பனஃப்ஷாவும் வயலட் இனமொன்றின் பூவே.

நீலகிரியில் வயலட் இனங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. அவற்றுள் நாம் எடுத்துக்கொள்வது வயோலா பைலோசா எனத் தாவரவியலார் வழங்கும் இனம். பைலோசா என்ற இலத்தீன் சொல்லுக்கு மயிர் அடர்ந்தது என்பது பொருள். இதய வடிவான இதன் இலைகளில் மென்மயிர் காணப்படும். மெல்லிய காம்பின் நுனியில் வெளிறிய ஊதா நிறப் பூ தலைகவிழ்ந்து நிற்கும். இதழ்கள் ஐந்து. கீழிதழில் கருமையான கோடுகள் ஓடும். அவ்விதழின் பின்புறம் ஒரு சிறு பைபோல் நீண்டிருக்கும். பூந்தேன் அப்பையினுள் சுரந்து நிற்கின்றது. கோடுகள் வண்டிற்கு வழிகாட்டுகின்றன. வண்டு தேனை நாடித் தலையை நுழைக்கும்போது மகரந்தம் அதன் உடலில் படிகின்றது.

வண்டு வாராத காலத்திற்கும் இக்குடும்பம் ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றது. வயலட் இனங்கள் பலவற்றில் இருவகைப் பூக்கள் உண்டு. ஒரு வகை விரிந்து வண்டினை அழைப்பது. மற்றொரு வகை மொட்டாகவே இருந்து, ஒருபோதும் விரியாமல், தன்னுள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடத்தி விதை தருவது. நிறமும் மணமும் அதற்கு இல்லை, காண்போரும் இல்லை. எனினும் விதைகளுள் பெரும்பங்கு பல நேரங்களில் இம்மூடிய பூக்களிலிருந்தே கிடைக்கின்றது. மேலும் வயோலா பைலோசா தரையோடு ஓடும் தண்டுகளை நீட்டி, அவற்றின் கணுக்களில் வேரூன்றியும் பரவும்.

காய் முற்றியதும் மூன்று கூறாகப் பிளந்து நட்சத்திரம்போல் விரிகின்றது. ஒவ்வொரு கூறும் ஒரு சிறு தொட்டிபோல் இருக்க, அதனுள் விதைகள் வரிசையாக அமைந்திருக்கும். வெயிலில் காயும்போது தொட்டியின் இரு விளிம்புகளும் நெருங்கி விதையை அழுத்துகின்றன. ஈரவிரல்களுக்கிடையே அழுத்திய புளியங்கொட்டை வழுக்கித் தெறிப்பதுபோல் விதை தெறித்து அப்பால் விழுகின்றது. நகரும் ஆற்றல் இல்லாத உயிர் தன் சந்ததியை நகர்த்துவதற்குக் கண்ட வழி இது.

சோலைக்கிளி

கிளி என்ற பெயர் கண்டு பச்சைக்கிளி என எண்ணலாகாது. மலையாளத்தில் கிளி என்பது சிறு பறவை எதனையும் குறிக்கும் சொல். சோலையில் வாழும் சிறு பறவை என்பதே இப்பெயரின் பொருள். முதுகும் மார்பும் கருநீலம், விலாப்புறம் செம்பழுப்பு, வயிற்றின் நடுப்பகுதி வெண்மை. கால்கள் உடலுக்குச் சற்று மிகையாக நீண்டவை. இறக்கைகள் குட்டையாகவும் வட்டமாகவும் அமைந்தவை. நெடுந்தூரம் பறப்பதற்கு ஏற்றதன்று இவ்வமைப்பு. புதர்களினூடே தாவி மறைவதற்கே ஏற்றது. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்பவர் இப்பறவையை அறிவியலுலகிற்கு எடுத்துரைத்தார். அதன்பின் இது வேறு வேறு பறவைக் குடும்பங்களோடு சேர்த்து எண்ணப்பட்டு, பலமுறை பெயர் மாறிற்று. 2017இல் இந்திய ஆய்வாளர்களும் பிறநாட்டாரும் சேர்ந்து இதன் மரபணுக்களை ஆராய்ந்து, இதற்கும் இதன் நெருங்கிய உறவுகளுக்கும் ஷோலிகோலா என்னும் தனிப் பேரினத்தையே வகுத்தனர். சோலையில் உறைவது என்பதே அப்பெயரின் பொருள். இதனைப்போன்ற பேரினம் உலகில் வேறெங்கும் இல்லை. இப்பறவை ஷோலிகோலா மேஜர் என வழங்கப்பெறுகின்றது.

இதன் உணவு பெரும்பாலும் பூச்சிகளும் புழுக்களும். சருகுகளின்மேல் தத்திச் சென்று, நின்று, கூர்ந்து நோக்கிப் பின் கொத்தும். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியும் வேர்நாரும் கொண்டு கூடமைத்துப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். விடியற்பொழுதில் இனிய சீழ்க்கை போன்ற குரலில் பாடும். கண்ணால் காண்பது அரிது. பாட்டைக் கொண்டே பறவை அவ்விடத்தில் உண்டென அறிய முடிகின்றது.

பொறியும் பிராணனும்

இனி இரண்டினையும் நம் நூல்கள் கூறும் அளவைகளில் வைத்து ஒப்பிடுவோம்.

ஓரறிவுயிர்க்குப் பிராணன்கள் நான்கு: மெய் என்னும் பொறி, உடல்வலிமை, உயிர்ப்பு, ஆயுள். மனத்தோடு கூடிய ஐயறிவுயிர்க்குப் பிராணன்கள் பத்து: ஐந்து பொறிகள், மனவலிமை, சொல்வலிமை, உடல்வலிமை, உயிர்ப்பு, ஆயுள். வயலட்டிற்கு உள்ள நான்கும் சோலைக்கிளிக்கும் உண்டு. அதற்குமேல் ஆறு மிகுதியாக உண்டு. பறவை நாவால் சுவையும், மூக்கால் நாற்றமும், கண்ணால் உருவும், செவியால் ஒலியும் அறியும். குரல் எழுப்பித் தன் துணையை அழைக்கும். பகையை உணர்ந்து அஞ்சி ஒளியும்.

பிறப்பிலும் இரண்டும் வேறுபடும். பறவை கருவில் தோன்றி முட்டையிலிருந்து வெளிப்படுவது. ஆகவே அண்டஜம் எனப்படும். செடியோ தாய்தந்தையரின் கருவை வேண்டாது, சூழவுள்ள அணுக்களைத் திரட்டி உடலாக்கிக்கொள்ளும் சம்மூர்ச்சனப் பிறப்பினது என நூல்கள் கூறும். ஒன்று நிற்பது, மற்றொன்று இயங்குவது.

இன்றைய உயிரியலார் எறும்பிற்கும் கண் உண்டென்பர். செடியும் ஒளியை உணர்ந்து வளையும் என்பர். இதனைக் கண்டு நூல்வகுப்பைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆய்வுக்கூடத்தின் பட்டியலாக மட்டும் இவ்வகுப்பைக் கொள்ளாமல், நம் ஒழுக்கத்திற்கு அமைந்த அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். நாம் செய்யும் எச்செயலால் எவ்வுயிர்க்கு எத்தனை பிராணன்கள் வருந்துகின்றன என்று எண்ணிப் பார்ப்பதற்காக வகுக்கப்பட்டது அது. இல்வாழ்வான் ஓரறிவுயிர்க்குச் செய்யும் துன்பத்தை முற்றும் நீக்க இயலாதவன். ஆகவே இயங்கும் உயிர்களை மனமறிந்து கொல்லாதிருத்தல் அவனுக்கு விரதமாகவும், நிற்கும் உயிர்களை வேண்டாது வருத்தாதிருத்தல் அவனுக்குக் கடமையாகவும் விதிக்கப்பட்டன.

ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. பொறி மிகுந்தால் துய்ப்பு மிகுகின்றது. அதனோடு பிறவுயிர்க்குச் செய்யும் தீங்கும் மிகுகின்றது. வயலட் எவ்வுயிரையும் கொன்று உண்பதில்லை. மண், நீர், காற்று, ஒளி இவற்றால் வாழ்கின்றது. சோலைக்கிளியோ புழுவைக் கொத்தித் தின்றே உயிர்வாழ வேண்டும். அது அதன் வினைப்பயன். அதனை நாம் பழிப்பதற்கில்லை. ஆனால் ஐயறிவோடு நன்மை தீமை தெரிந்து தள்ளவும் கொள்ளவும் வல்ல மனமும் பெற்ற நாம், அப்பறவையைக் காட்டி நம் செயலுக்கு நியாயம் தேட முடியாது.

இடையில் நிற்கும் மூன்று

ஓரறிவையும் ஐயறிவையும் மட்டும் பார்த்தால் பாடம் முற்றுப்பெறாது. இடையில் ஈரறிவும் மூவறிவும் நாலறிவும் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் இவற்றிற்கு முறையே புழுவையும் எறும்பையும் வண்டையும் எடுத்துக்காட்டாகச் சுட்டுகின்றது. இம்மூன்றும் அதே சோலையில், வயலட்டிற்கும் சோலைக்கிளிக்கும் நடுவே, தத்தம் பணியைச் செய்துகொண்டிருப்பதைக் காண்கின்றோம்.

ஈரறிவுயிராகிய மண்புழு உதிர்ந்த சருகினைத் தின்று மண்ணாக்குகின்றது. அம்மண்ணில் வயலட் வேரூன்றுகின்றது. அச்சருகில் வாழும் சிற்றுயிர்களே சோலைக்கிளியின் உணவு.

மூவறிவுயிராகிய எறும்பு வயலட்டின் விதையைச் சுமக்கின்றது. விதையின் ஒரு முனையில் எண்ணெய்ப்பசையுள்ள சிறு தசைப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு விதையைப் புற்றிற்கு இழுத்துச் சென்று அத்தசையை மட்டும் தின்று, விதையைக் குப்பையோடு எறிந்துவிடும். கடினமான ஓடுடைய விதைக்கு ஊறு நேர்வதில்லை. எருவுள்ள இடத்தில் அது முளைக்கின்றது. தெறிப்பினால் ஒரு முழம், எறும்பினால் மேலும் சில முழம் என விதை பயணம் செய்கின்றது. கொடுப்பவனும் கெடாமல், கொள்பவனும் கெடாமல் நடைபெறும் கொடுக்கல் வாங்கல் இது.

நாலறிவுயிராகிய வண்டு பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் கொள்கின்றது. நம் முனிவர்கள் இல்லறத்தார்க்குச் சுமையாகாதவாறு ஆகாரம் கொள்ளும் முறைக்கு வண்டினையே உவமையாக்கி, பிரமரீ விருத்தி எனப் பெயரிட்டனர். வயலட்டின் பின்புறத்துத் தேன்பையையும் அதனுள் தலைநுழைக்கும் வண்டையும் பார்ப்பவர்க்கு அவ்வுவமையின் நுட்பம் எளிதில் விளங்கும்.

பட்டாம்பூச்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தென்னிந்திய உயர்மலைகளில் பறக்கும் ஆர்ஜின்னிஸ் என்னும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு வயலட் இலையே உணவு. வயலட் இல்லாத சரிவில் அப்பட்டாம்பூச்சியும் இல்லை.

ஆக, ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக உள்ள ஐந்து படிகளும் ஒரே சோலைத்தரையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கீழ்ப்படியை அகற்றிவிட்டு மேற்படியை மட்டும் காப்பாற்ற எவராலும் இயலாது. உயிர்கள் தம்முள் ஒன்றுக்கொன்று செய்யும் உதவியைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் பேசுகின்றது. அதற்கு உரை தேடுவோர் இச்சோலைத்தரையையே உரையாகக் கொள்ளலாம்.

பறப்பது நின்றது, நிற்பது பரந்தது

இப்பொழுது இவ்வொப்பீட்டின் முதன்மையான செய்திக்கு வருகின்றோம்.

இறக்கை பெற்ற சோலைக்கிளி உலகில் எவ்வளவு இடத்தில் வாழ்கின்றது? நீலகிரி, அதனை அடுத்த வயநாடு, அதற்கு வடக்கே கருநாடகத்தின் பாபா புதன் மலை வரையிலான சில மலையுச்சிகள், அவ்வளவே. தெற்கே பாலக்காட்டுக் கணவாய் குறுக்கிடுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் விழுந்த இடைவெளி அது. காகமும் பருந்தும் ஒரு பொழுதில் கடக்கக்கூடிய அத்தூரத்தைச் சோலைக்கிளி கடந்ததில்லை. குளிர்ந்த சோலையின் நிழலைவிட்டு வெப்பமான தாழ்நிலத்தில் இறங்க அதன் இயல்பு இடந்தரவில்லை. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் வாழ்வது வேறினமாகிய வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், அகத்தியமலையை உள்ளிட்ட அசம்பு மலைகளில் வாழ்வது மற்றோர் இனம் என 2017இல் பிரித்தறியப்பட்டது. வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் பாட்டு மலைக்கு மலை வேறுபடுவதை 2011இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டிற்று. கடலில் தீவுகள் போல், வெப்பமான சமவெளியின் நடுவே குளிர்ந்த உச்சிகள் தனித்து நிற்கின்றன. ஒவ்வொரு தீவிலும் ஒரு பறவைக் கூட்டம் சிறைப்பட்டிருக்கின்றது.

கால்கூட இல்லாத வயலட்டின் நிலை என்ன? இதே வயோலா பைலோசா இமயமலைச் சரிவுகளில் உண்டு. இலங்கையின் மலைநாட்டில் உண்டு. கடல்கடந்த ஜாவாவிலும் உண்டு. தாவரவியலார் இதற்கு இப்பெயரிட்டதே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாச் செடியைக் கண்டுதான். குளிர் மிகுந்திருந்த பண்டைக் காலங்களில் மலைத்தாவரங்கள் தாழ்ந்த இடங்களிலும் பரவி, பின் வெப்பம் மிகுந்தபோது உச்சிகளில் ஒதுங்கின என அறிஞர் கருதுவர். எவ்வாறாயினும், முழம் முழமாக விதை தெறித்தும் தண்டு ஊன்றியும் நகர்ந்த ஓர் உயிர், இறக்கையுள்ள உயிர் காணாத நாடுகளையெல்லாம் கண்டுவிட்டது.

ஐந்து பொறியும் மனமும் இறக்கையும் இருந்தும், தான் பழகிய ஒரே இடத்தை விட்டகல முடியாத உயிர் ஒன்று. ஒரு பொறியே இருந்தும், கிடைத்த ஈரமண் எதுவாயினும் ஊன்றிக்கொள்ளும் உயிர் மற்றொன்று. பொறிகளின் எண்ணிக்கை ஓர் உயிரின் உணர்ச்சியை அளக்கும். அதன் பாதுகாப்பை அளக்காது. ஆகவே ஓர் உயிரைக் காப்பதென்பது அதன் உடலைத் தாக்காதிருப்பதோடு முடிவதில்லை. அது வாழும் இடத்தையும் காத்தாக வேண்டும். சோலைக்கிளியை எவரும் அம்பெய்து கொல்லவில்லை. கூண்டில் அடைத்து விற்பாரும் இல்லை. அப்படியிருந்தும் இன்று அது அழியும் அபாயமுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. சோலை சுருங்கியதே அதற்குக் காரணம்.

சோலை சுருங்கிய வரலாறு

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் உதகையில் குடியேறியபின் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மர இனங்களும் யூகலிப்டசும் கொண்டுவரப்பட்டன. தேயிலைத் தோட்டங்களும் விரிந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு தேவைகளுக்காக அந்நிய மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. ஒன்று, தோல் பதனிடுவதற்கு வேண்டிய சீகைப்பட்டை. மற்றொன்று, செயற்கைப் பட்டாகிய ரேயானுக்கு வேண்டிய மரக்கூழ். வெறும் புல்தானே என்று கருதப்பட்ட புல்வெளிகளே பெரும்பாலும் இவற்றிற்கு இரையாயின. நட்ட சீகை நட்ட இடத்தில் நில்லாது, விதையால் பரவிச் சோலையின் ஓரங்களையும் பற்றிக்கொண்டது. சோலையோரத்தின் ஈரத்தை நம்பிய வயலட்டும் அவ்விடங்களில் குறைந்தது.

இதன் அளவை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நீலகிரியைப் போன்றதே பழனிமலையின் நிலையும். அங்கே நாற்பது ஆண்டுக் காலத்தில் மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதெனச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் தெரிவித்தது. மறைந்த இடத்தை மரத்தோட்டமும் வேளாண்மையும் பிடித்துக்கொண்டன.

இவ்விரு தேவைகளையும் நம்மவர் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். தோல் பொருளை நம்மில் பலர் விலக்குகின்றோம். விலங்கின் உயிரைக் கருதி அவ்வாறு செய்கின்றோம். அத்தோலைப் பதனிட ஒரு மலையின் புல்வெளியும் செலவாயிற்று என்பதை அறியும்போது, அவ்விலக்கின் பொருள் இன்னும் விரிகின்றது. இரண்டாவது தேவையோ மிகவும் நுட்பமானது. பட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் பட்டினை ஒருவர் தவிர்க்கின்றார். அதற்கு மாற்றாகச் செயற்கைப் பட்டை உடுத்துகின்றார். அவர் நோக்கம் தூயது; புழுவின் உயிர் காக்கப்பட்டதும் உண்மை. ஆனால் அவ்வாடைக்கு உரிய மரக்கூழ் எம்மண்ணில் விளைந்தது என்பதும் கொல்லாமை விரதத்தின் கேள்விகளுள் ஒன்றே. பட்டுப் புடவையில் புழுவின் சாவு உடனே நினைவிற்கு வருகின்றது. ரேயான் புடவையிலோ புல்வெளியும் வயலட்டும் பறவையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதனால் மீண்டும் பட்டிற்கே திரும்பலாம் என்று கொள்ளலாகாது. வேண்டிய அளவே கொண்டு, கொண்டதை நெடுநாள் பயன்படுத்தும் அளவறிந்த வாழ்வே இரு தீங்கையும் குறைக்கும் வழி. பொருள்மேல் வைக்கும் பற்றிற்கு எல்லை வகுக்கும் விரதமும் கொல்லாமை விரதமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இங்கே காண்கின்றோம்.

வயலட்டிற்கும் மனிதரால் வரும் தீங்கு உண்டு. இமயமலைப் பகுதியில் பனஃப்ஷா வணிகத்திற்காகக் காட்டு வயலட் இனங்கள் பூவோடும் செடியோடும் பறிக்கப்படுகின்றன. பூவைக் கிள்ளினால் செடி மீளும். வேரோடு பிடுங்கினால் அவ்விடம் வெறுமையாகும். உலகெங்கும் பரந்த உயிரும் ஓரிடத்தில் அழிந்துபோகலாம்.

இல்லறத்தார் செய்யத்தக்கன

மலைச் சுற்றுலாவிற்குச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பெருகியுள்ளன. அங்கே நாம் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முனிவர்கள் நடக்கும்போது முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி நடப்பர். ஈர்யா சமிதி என்னும் அவ்வொழுக்கம் சோலையோரத்தில் நமக்கும் ஏற்றது. அமைந்த பாதையிலேயே நடத்தல் வேண்டும். பாதைக்கு வெளியே வைக்கும் ஒவ்வோர் அடியும் வயலட்டின் மீதோ அதன் விதையைச் சுமக்கும் எறும்பின் மீதோ விழக்கூடும். மழைக்காலத்தில் நிலமெங்கும் உயிர்கள் முளைப்பதால் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். அக்காலத்தில் இன்பப் பயணத்திற்காகச் சோலைகளுள் நுழைவதை நாமும் தவிர்க்கலாம்.

பறவையின் பாட்டைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதனை வெளியே வரவழைப்பாரும் உளர். தன் எல்லைக்குள் மற்றொன்று புகுந்ததென எண்ணிப் பறவை இரையையும் கூட்டையும் விட்டு ஓடிவருகின்றது. செவியுடைய உயிரைச் செவியின் வழியே வருத்தும் செயல் இது. காத்திருந்து அது தானாகப் பாடும்போது கேட்பதே முறை.

செடியைப் பிடுங்கி வீட்டுத் தொட்டியில் வைக்க விரும்புவோர், சமவெளி வெயிலில் அது வாழாது என அறிதல் நலம். வாங்கும் ஆடை, தாள், தேயிலை ஆகியவற்றை அளவோடு கொள்வதும், வீணாக்காதிருப்பதும் மலைக்கே செல்லாதவரும் இருந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய அறம். நீலகிரியிலும் பழனிமலையிலும் அந்நிய மரங்களை அகற்றிப் புல்லையும் சோலை மரங்களையும் மீண்டும் வளர்க்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அங்கே மரத்தை வெட்டுவது தீங்கா நன்மையா என வினவுவோர், சீகை மரத்தின் ஓருயிரோடு அது விலக்கிய ஐந்து படிகளின் உயிர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

சிறுவர்க்குப் பாடம் நடத்துவோர் பயன்படுத்துமாறு சில வினாக்களைத் தருகின்றோம்.

1. வயலட்டிற்கு உள்ள பிராணன்கள் எவை? சோலைக்கிளிக்கு மிகுதியாக உள்ளவை எவை?

2. சோலைத்தரையில் வாழும் ஈரறிவு, மூவறிவு, நாலறிவு உயிர்களுக்கு ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தந்து, அவை வயலட்டிற்குச் செய்யும் உதவியைக் கூறுக.

3. இறக்கை இருந்தும் சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாயைக் கடவாததன் காரணம் யாது?

4. வண்டு தேன் கொள்ளும் முறை முனிவரின் எவ்வொழுக்கத்திற்கு உவமை?

5. உங்கள் வீட்டில் உள்ள பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எவ்விடத்து மண்ணிலிருந்து வந்தது, அதற்காக எவ்வெவ்வுயிர்கள் தம் இடத்தை இழந்திருக்கக்கூடும் என்று பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.